2016 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடருக்கு நட்சத்திரக் குறி வேண்டுமா?

செந்தூல் வாசகரின் கேள்வி, 21 ஜூன் 2016

"ஐந்தாவது ஆட்டத்தில் லீக் தடை விதிக்காமல் டிரேமண்ட் கிரீன் ஆடியிருந்தால், அவருடைய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இந்த ஏழு ஆட்டத் தொடரை 4-1 என்று அன்றே முடித்திருக்கும். இதற்கு முன் இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கிய 32 அணிகளில் ஒன்றுகூட மீண்டு வந்து வென்றதில்லை. கிளீவ்லாந்து கெவலியர்ஸ் 4-3 என்று வென்றது களத்திலா, லீக் அலுவலகத்திலா? இது முழு வெற்றியன்று என்று காட்ட இந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும் என்பது என் கட்சி. அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?"

21 ஜூன் 2016, இரவு 10.15

வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் கிரீனின் தடையைப் பற்றிக் கொதிக்கிறவர்களில் பலர் அது எப்படி வந்தது என்பதைப் பார்க்காமலேயே கொதிக்கிறார்கள்.

கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் 'ஃபிளேக்ரண்ட்' ஃபவுல்களுக்கு, அதாவது தேவையற்ற முரட்டு மோதல்களுக்கு, தனிக் கணக்கு உண்டு. முதல் வகைக்கு ஒரு புள்ளி, இரண்டாம் வகைக்கு இரண்டு. நான்கைத் தொட்டவருக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. கிரீன் ஹூஸ்டனுக்கு எதிரான முதல் சுற்றிலேயே ஒரு புள்ளி வாங்கினார். ஓக்லஹோமா சிட்டியின் ஸ்டீவன் ஆடம்ஸை இடுப்புக்குக் கீழே உதைத்ததற்கு மேலும் இரண்டு சேர்ந்தன. மூன்று புள்ளிகளோடு இறுதித் தொடருக்குள் நுழைந்த ஒருவர், இனி ஒருமுறை கை ஓங்கினாலும் ஓர் ஆட்டம் போய்விடும் என்பதை அறியாதவராக இருந்திருக்க முடியாது. அவருடைய பயிற்சியாளர் ஸ்டீவ் கெரும் அறியாதவரல்லர். நான்காவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்ட நேரத்தில், கிரீன் கெவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் மீது கையை வீசினார். அதோடு நான்கு புள்ளி ஆயிற்று, ஐந்தாவது ஆட்டம் போயிற்று. கீழே விழுந்து கிடந்த கிரீனைக் காலால் தாண்டிக்கொண்டு போன லெப்ரானின் செயலும் யோக்கியமானது அன்று. அதற்காக அவருக்கும் ஒரு டெக்னிக்கல், அதாவது நடத்தைக்கான ஃபவுல், எழுதப்பட்டது. ஆனால் விதி இந்தத் தொடருக்காகப் புதிதாக எழுதப்பட்டதன்று.

களத்தில் இருக்க வேண்டியவர் களத்தில் இல்லாமல் போவதற்குத் தானே காரணமானால், அது ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

22 ஜூன் 2016, காலை 7.40

கிள்ளான் வாசகர் ஒருவர், "ஐந்தாவது ஆட்டத்தில் கிரீன் இருந்திருந்தால் லெப்ரானும் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்திருப்பார்களா?" என்று கேட்கிறார். எடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரே அணியின் இருவர் இறுதித் தொடர் ஆட்டம் ஒன்றில் ஆளுக்கு 40-ஐக் கடந்தது அதுவே முதல்முறை. எதிரணியின் மிகச்சிறந்த தடுப்பாட்டக்காரர் அந்த நேரத்தில் பக்கத்துப் பேஸ்பால் அரங்கில் அமர்ந்திருந்தார். ஐந்தாவது ஆட்டத்தைக் கிரீன் இல்லாத கணக்கில் எழுத எனக்குத் தடையே இல்லை. 112-97 என்ற தோல்வி அதற்கான விலை.

ஆனால் தொடர் அன்றோடு முடியவில்லையே. அதன் பிறகும் வாரியர்ஸ் 3-2 என்று முன்னணியில்தான் இருந்தது. ஆறாவதிலும் ஏழாவதிலும் கிரீன் ஆடினார். ஏழாவதில் 32 புள்ளிகள், 15 ரிபவுண்டுகள், 9 அசிஸ்டுகள்; முதல் பாதியில் மட்டும் 22 புள்ளிகள். அந்தக் களத்தில் அன்று அவரைவிடச் சிறப்பாக ஆடிய வாரியர் எவரும் இல்லை. அவர் இல்லாததால் போன கோப்பை என்பவர்கள், அவர் இருந்தும் போன இரண்டு ஆட்டங்களுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

22 ஜூன் 2016, இரவு 11.50

ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ஆட்டங்களுக்கு மேசையில் அமர்ந்து புள்ளித்தாள் எழுதும் வழக்கம் எனக்கு உண்டு. ஆட்டம் முடிந்த பிறகும் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது அதனால் வந்த நோய். இன்றிரவு ஏழு ஆட்டங்களின் புள்ளிகளையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டினேன்.

வாரியர்ஸ்: 104, 110, 90, 108, 97, 101. கெவலியர்ஸ்: 89, 77, 120, 97, 112, 115. முதல் ஆறு ஆட்டங்களின் கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் 610. ஏழாவது ஆட்டத்தில் நாலரை நிமிடங்களுக்குச் சற்று மேல் மீதமிருந்தபோது வாரியர்ஸின் கிளே தாம்சன் பந்தைப் போட்டு 89-89 ஆக்கினார் அல்லவா, அந்த நொடியில் தொடர் முழுவதும் சேர்த்து ஆளுக்கு 699. கடைசி 53-ஆவது விநாடியில் இர்விங்கின் மூன்று புள்ளி விழும் வரையில் அது அப்படியே நின்றது.

செந்தூல் தம்பி, இந்தத் தாளைப் பார்த்த பிறகு எனக்கு ஒற்றைக் காரணம் சொல்கிற எவர்மீதும் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு நெருக்கமான தொடரில் எந்தச் சிறு காரணத்தை உருவினாலும் முடிவு கவிழ்ந்துவிடும். அப்படியானால் கிரீனை மட்டும் ஏன் உருவ வேண்டும்?

23 ஜூன் 2016, இரவு 9.30

உருவிப் பார்க்கத் தகுந்த இன்னொரு காரணத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. வாரியர்ஸின் ஆண்ட்ரூ போகட்.

ஐந்தாவது ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் முழங்காலில் அடிபட்டு வெளியேறியவர் அதன்பின் ஆடவே இல்லை. அவர் அதிகப் புள்ளிகள் எடுக்கிறவர் அல்லர் என்பதால் இழப்பாகத் தெரியவில்லை. ஆனால் வளையத்தின் அடியில் ஏழடி உயரத்துக்கு ஒருவர் நிற்கிறார் என்ற எண்ணமே லெப்ரானையும் இர்விங்கையும் இரண்டு அடி முன்னதாக நிற்க வைத்தது. தன் ஆட்களுக்காகத் திரை போட்டு, அதாவது எதிராளியின் வழியை உடம்பால் மறித்து நின்று, வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரிக்கு எறிய இடம் உண்டாக்கித் தருவதும் அவர் வேலையாக இருந்தது. போகட் போன பிறகு ஆறாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதி கெவலியர்ஸ் பக்கம் 31-11 என்று முடிந்தது. அன்று வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுடாலாவின் முதுகும் பிடித்துக்கொண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது ஆட்டத்தில் கெர், போகட்டின் இடத்தில் ஃபெஸ்டஸ் எஸிலியை இறக்கினார். எனக்குப் புரியாதது, கடைசி ஆறு நிமிடங்களில் அவரை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. வாரியர்ஸ் 87-83 என்று முன்னணியில் இருந்தது. லெப்ரான் எறிவதுபோல் பாவனை காட்ட, எஸிலி துள்ளி மேலே விழுந்தார். மூன்று ஃப்ரீ த்ரோ, மூன்றும் உள்ளே. அடுத்த முறை எஸிலி பயந்து பின்வாங்கி நிற்க, லெப்ரான் அவர் முகத்துக்கு நேரே மூன்று புள்ளி எறிந்தார். கெவலியர்ஸ் 89-87. போகட்டுக்கு மாற்றாக அனுப்பப்பட்டவரை எதிரில் வைத்து இரண்டே வாய்ப்புகளில் ஆறு புள்ளிகள். தொடரின் மொத்த வித்தியாசம் எத்தனை என்று மேலே கூட்டியதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்: 703-க்கு 699, நான்கு.

24 ஜூன் 2016, மதியம்

"நீங்கள் ஏழாவது ஆட்டத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர் கேட்கிறார். அலுவலகப் பேன்ட்ரியில், ஐயா. அமெரிக்காவின் ஞாயிறு இரவு நமக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணி. பத்தரை மணிக்கு மேலாளர் உட்பட எங்கள் இலாகாவில் பாதிப் பேர் ஒரே கைபேசியைச் சுற்றி நின்றோம். நோன்பு நோற்றிருந்த மலாய் நண்பர் வாரியர்ஸ் பக்கம்; கடைசி நாலரை நிமிடங்கள் தம் அணி ஒரு புள்ளிகூட எடுக்காததைப் பார்த்துவிட்டு, மாலை ஏழரை மணி வரை தண்ணீர் இல்லாமல் இருப்பது இதைவிட எளிது என்றார்.

ஒரு திருத்தம், வேறொருவருடைய குறிப்புக்கு: ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் லெப்ரான் இகுடாலாவின் எறிதலைத் தட்டித் தடுத்த அந்த பிளாக் "தனி மனிதனின் வேலை" அன்று. இகுடாலா வளையத்தை நோக்கி எழும்பியபோது கெவலியர்ஸின் ஜே. ஆர். ஸ்மித் குறுக்கே வந்ததால் பந்தைக் காற்றிலேயே ஒருமுறை கீழிறக்கி மீண்டும் தூக்க வேண்டியதாயிற்று. பின்னால் ஓடிவந்த லெப்ரானுக்கு அந்தக் கண நேரம் போதுமானதாக இருந்தது. ஸ்மித்தின் பெயரை எவரும் சொல்வதில்லை.

26 ஜூன் 2016, இரவு 8.05

ஏழாவது ஆட்டத்தின் பதிவை மீண்டும் பொறுமையாகப் பார்த்தேன். போகட்டைப் பற்றி வியாழக்கிழமை எழுதியது நிற்கிறது. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று இப்போது எனக்குத் தெரிகிறது.

கெவலியர்ஸ் பயிற்சியாளர் டைரன் லூ தொடரின் பிற்பகுதியில் திரும்பத் திரும்பச் செய்த வேலை ஒன்றுதான்: கரி யாரைத் தடுத்துக்கொண்டிருக்கிறாரோ அந்த ஆளையே அழைத்துவந்து திரை போட வைப்பது. வாரியர்ஸ் தடுப்பாட்டத்தில் ஆட்களை மாற்றிக்கொள்வதால், கரி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் லெப்ரானுக்கோ இர்விங்குக்கோ எதிரில் வந்து நிற்க வேண்டியதாகிவிடும். முன்னே நாற்பது நிமிடம் இப்படி உடம்பால் மோதித் தடுத்தவர், பின்னே தன் எறிதலுக்குக் கால் வலு தேடும்போது அது அவரிடம் இல்லை. ஏழாவதில் கரி எறிந்த 19-இல் உள்ளே போனவை 6. மூன்று புள்ளி எறிதல்களில் 14-க்கு 4.

கோப்பையைக் கொடுத்த அந்த எறிதலைப் பாருங்கள். இர்விங்கைத் தடுத்து நின்றவர் கிளே தாம்சன், நல்ல தடுப்பாட்டக்காரர். ஸ்மித் வந்து திரை போட்டார். ஸ்மித்தைத் தடுத்து நின்றவர் கரி. ஆள் மாற்றம் நடந்தது. இர்விங் வலப்புறம் ஒதுங்கிக் கரியின் கைக்கு மேலே எறிந்தார். அடுத்த முறை வாரியர்ஸ் அதே வித்தையைத் திருப்பிச் செய்தது: கரிக்கு எதிரே கெவின் லவ், அந்த அணியிலேயே மெதுவாகக் கால் நகர்த்துகிறவர். கரி இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார், லவ் விலகவில்லை, எறிதல் தவறியது. இரண்டு அணிகளும் எதிரணியின் பலவீனமான ஆளைத் தேடிப் பிடித்தன. ஒன்று விழுந்தது, மற்றது விழவில்லை. லீக் அலுவலகத்துக்கு இதில் என்ன பங்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

26 ஜூன் 2016, இரவு 8.40

வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸை விட்டுவிட்டேன். கெவலியர்ஸ் அவரைத் தடுக்காமல் விட்டுவிட்டு, அவரைத் தடுக்க வேண்டிய ஆளைக் கரிமீது அனுப்பியது. காலியாக நின்று எறிந்தவர் கடைசி மூன்று ஆட்டங்களில் 32-க்கு 5. இதற்கும் நட்சத்திரக் குறி உண்டா?

27 ஜூன் 2016, காலை

செந்தூல் தம்பி விடுவதாக இல்லை. "கரிக்கு முழங்கால் காயம், அதைக் கணக்கில் கொள்ளுங்கள்" என்கிறார். காயம் உண்மை, ஆனால் அது இறுதித் தொடரில் ஏற்பட்டதன்று, ஹூஸ்டனுக்கு எதிரான முதல் சுற்றில் வழுக்கி விழுந்தபோது ஏற்பட்டது. அதன் பிறகு போர்ட்லாந்துக்கு எதிராகத் திரும்பிவந்த முதல் ஆட்டத்திலேயே கூடுதல் நேரத்தில் மட்டும் 17 புள்ளிகள் எடுத்தவரை, இந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 38 புள்ளிகள் எடுத்தவரை, எந்த அளவுக்குக் காயக்காரராக எண்ணுவது?

காயத்தைக் கணக்கில் எடுப்பதானால் ஓராண்டு பின்னோக்கியும் போவோம். 2015 இறுதித் தொடரில் லவ் தோள் காயத்தால் ஆடவே இல்லை. இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் எலும்பு உடைந்து போனார். வாரியர்ஸ் 4-2 என்று வென்றது. அன்று நட்சத்திரக் குறி கேட்டவர்கள் கிளீவ்லாந்து ரசிகர்கள். கேலி செய்தவர்கள் வாரியர்ஸ் ரசிகர்கள். செந்தூல் தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று கேட்க மாட்டேன்.

27 ஜூன் 2016, இரவு

நம் ஊர்க் கதைக்கும் இந்தக் குறி வந்துவிட்டது. மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கைத் தாய் அரங்கமாகக் கொண்ட மலேசியா டிராகன்ஸ் இவ்வாண்டு ஆசியான் கூடைப்பந்து லீக்கில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என்று வென்றதே, அதை "வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வாங்கிக் கொடுத்த கோப்பை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதிரணியிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஐந்தாவது ஆட்டம் வரை போன தொடரை வென்றதற்கு இவ்வளவுதான் மதிப்பென்றால், இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளைகள் காற்பந்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று வருத்தப்படுவதிலும் பொருளில்லை.

நான் புள்ளித்தாள் எழுதிய ஓர் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் சீன நண்பர்கள் ஆடுகிற ஒரு வட்டார அணி. அதன் உயரமான ஆட்டக்காரர் முந்தைய வாரம் நடுவரைத் தள்ளியதால் தடைசெய்யப்பட்டிருந்தார். அணி தோற்றது. தோல்விக்குப் பிறகு அந்த உயரமானவரே மேசைக்கு வந்து தாளைக் கேட்டுப் பார்த்தார். தான் இல்லாதது பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிக் கால்பகுதியில் தவறிய ஃப்ரீ த்ரோக்களை விரலால் தொட்டு எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரசிகர்கள்தாம் இல்லாதவரை எண்ணுகிறார்கள்.

29 ஜூன் 2016

சிறு விளக்கம். ஆறாவது ஆட்டத்தில் கரி ஐந்தாவது ஃபவுலிலேயே வெளியேறியிருக்க வேண்டாமா என்று கேட்டவருக்கு: நம் அரங்குகளில் ஆடுவது அனைத்துலக விதி, அதில் ஐந்து. என்.பி.ஏ.வில் ஆட்டம் 48 நிமிடம், ஆகவே ஆறு. பல் காப்பை ரசிகர் கூட்டத்துக்குள் வீசியதற்குத் தனி விதி தேவைப்படவில்லை, உடனே வெளியேற்றினார்கள்.

5 ஜூலை 2016, இரவு 11.20

நாளை நோன்புப் பெருநாள். நகரமே ஊருக்குப் போய்விட்டதால் சாலையும் காலி, எனக்கும் எழுத நேரம். கெவின் டுரான்ட் வாரியர்ஸுக்குப் போகிறார். இறுதித் தொடருக்கு முந்தைய மேற்குப் பிரிவு இறுதியில் அந்த வாரியர்ஸை 3-1 என்று மூலையில் தள்ளிவிட்டுத் தோற்ற ஓக்லஹோமா சிட்டியின் ஆள்தான்.

73 ஆட்டங்களை வென்ற அணிக்கு இவரை வாங்க இடம் எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் ஒரே ஆண்டில் உள்ளே வந்ததால், அணிகளின் சம்பள வரம்பு 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்கு மேல் தாவியது. இடம் ஒதுக்குவதற்காகப் பார்ன்ஸும் போகட்டும் டாலஸுக்குப் போகிறார்கள். 32-க்கு 5 எறிந்தவரும், முழங்கால் போனவரும். வாரியர்ஸ் நிர்வாகம் தன் தோல்விக்குக் காரணமாகக் கிரீனின் தடையைப் படித்ததா, அல்லது காலியாக நின்று எறிந்தும் தவறவிட்ட ஓரத்து ஆட்டக்காரரைப் படித்ததா என்பதற்கு இந்த மாற்றமே விடை என்று எனக்குப் படுகிறது. செந்தூல் தம்பி ஒப்பமாட்டார்.

14 ஜூன் 2017

இவ்வாண்டு இறுதித் தொடரில் வாரியர்ஸ் கெவலியர்ஸை 4-1 என்று வென்றது. பிளேஆஃப் முழுவதும் சேர்த்து 16 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. "இப்போது சொல்லுங்கள், போன ஆண்டும் இப்படித்தான் முடிந்திருக்கும்" என்று செந்தூல் தம்பி ஓராண்டு காத்திருந்து எழுதியிருக்கிறார்; அந்தப் பொறுமைக்கு என் வணக்கம். ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் லெப்ரானின் முகத்துக்கு நேரே மூன்று புள்ளி எறிந்து ஆட்டத்தைத் திருப்பியவர் டுரான்ட், கிரீன் அல்லர். 2016-இல் பார்ன்ஸ் நின்ற அதே ஓரத்தில் இன்று டுரான்ட் நிற்கிறார். இந்த 4-1 என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறதே தவிர உங்கள் கட்சிக்கு அன்று.

15 ஜூன் 2019, காலை 6.50

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை பழைய குறிப்புகளையெல்லாம் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, 2016-க்கு வேண்டாம் என்றீர்கள். நேற்று இறுதித் தொடரில் டொராண்டோ ராப்டர்ஸ் வாரியர்ஸை வென்றதற்கு?"

கடினமான கேள்வி. டுரான்ட் கெண்டைக்கால் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இல்லை. ஐந்தாவதில் வந்தார், 12 நிமிடத்தில் 11 புள்ளிகள் எடுத்தார், குதிகால் தசைநாண் அறுந்து போனார். மூன்றாவது ஆட்டத்தில் கிளே தாம்சனும் இல்லை. நேற்று ஆறாவது ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில், 28 புள்ளிகளோடு இருந்த தாம்சன் முழங்கால் திருகி விழுந்தார். தாங்கிப் பிடித்து அழைத்துப் போனவர்களை விட்டுத் திரும்பி வந்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். அப்போது வாரியர்ஸ் 85-80 என்று முன்னணியில் இருந்தது. முடிவு 114-110, டொராண்டோவுக்கு.

கிரீனின் தடை அவர் கையால் வந்தது. இந்தக் காயங்களை எவரும் தேடிக்கொள்ளவில்லை. ஆகவே 2016-இல் நான் முதலில் வைத்த வாதம் இங்கே பயன்படாது. இரண்டாவது வாதம், எந்தக் காரணத்தை உருவினாலும் கவிழும் என்பது, இங்கே எனக்கு எதிராகவே திரும்புகிறது: தாம்சன் இன்னும் ஒரு கால்பகுதி ஆடியிருந்தால் ஏழாவது ஆட்டம் ஒன்று நடந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனாலும் குறி போட மாட்டேன். டொராண்டோவின் காவாய் லெனார்ட் வாரியர்ஸின் பலவீனமான இடத்தைத் தேடிப் போய் அடித்தார் என்பது ஒரு பக்கம். இன்னொன்று, டொராண்டோவின் நான்கு வெற்றிகளில் மூன்று ஓக்லாண்டில், வாரியர்ஸின் சொந்த அரங்கில் கிடைத்தவை. 2016-இல் அதே அரங்கில் கிளீவ்லாந்து ஏழாவது ஆட்டத்தை வென்றபோது, 1978-க்குப் பிறகு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை வெளியூரில் வென்ற முதல் அணி என்று எல்லோரும் வியந்தோம். டொராண்டோவை அந்த அரங்கிலிருந்து ஒருமுறைகூடத் தோற்காமல் திரும்ப விட்டது யார் என்று, தங்கை, உங்கள் ஊர் வாரியர்ஸ் ரசிகர்களைக் கேட்டு எழுதுங்கள்.